செட்டிநாட்டு வீட்டுக்கு எது: பழைய தேக்கா, வரைந்த தேக்கா?

செட்டிநாட்டில் வீட்டைப் புதுப்பிப்போர், தேக்குச் சாமான் வாங்குவதா, இருக்கிற இரும்பு, பிளைவுட் பரப்புகளின் மேல் தேக்கு ரேகையை வரைவித்துக்கொள்வதா என்று தயங்குவதற்கு விலை மட்டுமே காரணமன்று. இங்கே தெருவுக்குத் தெரு அசல் தேக்கு நிற்பதால், அதற்குப் பழகிய கண்கள் போலியை விரைவில் கண்டுகொள்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, முகப்பிலும் வளவிலும் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) தூண்களாகவும் நிலைகளாகவும் நின்றது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபின் நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) அங்குள்ள தொழில் சரிந்தது. பின்னாளில் பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்த வீடுகள் பல இடிக்கப்பட, அவற்றின் மரம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. ஈரம் எப்போதோ வற்றிவிட்ட அந்த மரம் புதுத் தேக்கைப்போல் எளிதில் வளைவதில்லை; வைரம் பாய்ந்த பகுதியில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் கரையானும் எளிதில் அண்டுவதில்லை. ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதால், அறுத்த முனையைப் பார்த்தே வாங்க வேண்டும். உள்ளே புதைந்த ஆணி வாளின் பல்லை முறிக்கக்கூடும். ஆசாரி கூலியைக் கூட்டிக் கேட்டால் வியப்பதற்கில்லை. நல்ல நிலையிலுள்ள முழுத் தூணை அறுத்து மேசையாக்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்: செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றவை, தூணுக்குக் கிராக்கி கூடினால் இன்னொரு வீடு பிரிக்கப்படும்.

ரேகை வரைவதை மட்டமான வேலை என்று ஒதுக்குவோர் நல்ல கைவேலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரும்பென்றால் துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, பிளைவுட்டென்றால் பட்டி பார்த்து உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் வைக்கோல் நிற எனாமல் பூச வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் பழுப்புக் கிளேஸை (அடிநிறம் தெரியும்படியான மென்பூச்சை) மெல்லிதாகத் தடவி, ஈரம் உலருமுன் வளைந்த ரப்பர் கருவியை முன்னும் பின்னும் அசைத்தபடியே ஒரே இழுப்பாக இழுத்தால் மலைமலையாக ரேகை எழும்; காய்ந்த பிரஷால் வருடினால் விளிம்புகள் மங்கி இயல்பாகும்; முடிவில் வார்னிஷ். கெடுவது பெரும்பாலும் திசையில்தான். உண்மையான கதவில் நெடுஞ்சட்டத்தின் ரேகை மேலிருந்து கீழாகவும் குறுக்குச்சட்டத்தின் ரேகை பக்கவாட்டிலும் ஓடும். டேப் ஒட்டி ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே வரையாமல் கதவு முழுவதையும் ஒரே பலகையாக இழுத்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே கணு சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே.

ஆகவே கை படும் ஊஞ்சல் பலகை, சாப்பாட்டு மேசை, திண்ணைப் பெஞ்சு ஆகியவற்றுக்கு மரத்தையும், மீட்டர் பெட்டி, மாடிப்படியின் இரும்புக் கதவு, ஏற்கெனவே உள்ள பிளைவுட் அலமாரி ஆகியவற்றுக்கு வரைந்த ரேகையையும் நான் தேர்வேன். அசல் தூண் கண்ணில் படும் வளவில் எதையும் வரையாமல், ஒரே அடர் நிறம் அடித்துவிடுவது மேல். ஆத்தங்குடிக் கல் பதித்த அறையில் தரையே பூவும் கட்டமுமாக இருப்பதால், மலை ரேகையைத் தவிர்த்து நேர்கோட்டு ரேகை போதும்.

செலவுக் கணக்கில் பராமரிப்பையும் சேர்க்க வேண்டும். மரத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம்; வரைந்த கதவில் அடிவரை ஆழ்ந்த கீறலுக்கு அந்தச் சட்டம் முழுவதையும் மீண்டும் வரைந்தால்தான் ஒட்டு தெரியாது. வெயில் நேரே விழும் வாசலில் இரண்டுக்குமே வார்னிஷ் உரியும்.