தர்மசங்கடத்துக்கு ஒரு கீதை வகுப்பு: கதையில் பலே, கேள்வி பதிலில் சறுக்கல்

இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கீதையையும் மகாபாரதத்தையும் வைத்துச் சொல்லித் தருகிற, பதிவு செய்து விற்கிற வகுப்பு இது. பாதிதான் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பாதிக்காகவே வாங்கலாம்.

18 அத்தியாயம், 700 சுலோகம் என்று ஆரம்பிக்கிற அறிமுகத்தைத் தாண்டிப் போனாலும் நட்டமில்லை. அதில் ஒன்று மட்டும் உருப்படி: அர்ஜுனன் பயந்து வில்லைப் போடவில்லை, எது தர்மம் என்றே புரியாமல் மனம் குழம்பிவிட்டது என்று 2ஆம் அத்தியாயம் 7ஆம் சுலோகத்தில் அவனே சொல்கிறான்.

சரி, விஷயம் மகாபாரதத்தில் கர்ணன் போரிடும் பகுதியான கர்ண பர்வத்தில் இருக்கிறது. கர்ணனிடம் அடிபட்டுப் பாசறையில் கிடக்கும் தருமர், அவனை இன்னும் கொல்லாமல் வந்து நிற்கிற தம்பியைப் பார்த்து, உன் வில்லான காண்டீவத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று திட்டிவிடுகிறார். அப்படிச் சொல்பவன் தலையை எடுப்பேன் என்று அர்ஜுனன் ஏற்கெனவே சபதம் போட்டிருக்கிறான். வாளை உருவிவிட்டான்! சபதமா, அண்ணனா? கண்ணன் கௌசிகன் கதையைச் சொல்கிறான்: உண்மை மட்டுமே பேசுவேன் என்று விரதம் இருந்தவன், ஒளிந்திருந்தவர்களைத் திருடர்களுக்குக் காட்டிக்கொடுத்து, அவர்கள் செத்ததால் நரகம் போனான். அப்புறம் வழியும் சொல்கிறான்: பெரியவரை 'நீ' என்று மரியாதை குறைத்துப் பேசினாலே கொன்றதற்குச் சமம், பேசிவிடு. அர்ஜுனன் பேசிவிட்டு, வெட்கத்தில் தன்னையே வெட்டிக்கொள்ளப் போகிறான். அதற்கும் வழி, தற்புகழ்ச்சி தற்கொலைக்குச் சமம் என்று! ஆசிரியர் இதை அவசரமில்லாமல், இது ஏமாற்று வேலை இல்லையா என்ற கேள்வியையும் தானே எழுப்பிச் சொல்கிறார். சபதத்தின் எழுத்தைவிட யாருக்கு என்ன கேடு வரும் என்பதே முக்கியம் என்று இங்கேதான் நமக்கு உறைக்கிறது.

இவ்வளவு நிதானமாகப் போனவர் கேள்வி பதிலில் ஏன் இப்படி நழுவுகிறார் என்று தெரியவில்லை. படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்ப்பதா, பிள்ளைகள் படிப்புக்காக வெளியூர் வேலைக்குப் போவதா என்று ஒரு பெண் கேட்கிறார். "எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னைச் சரணடை" என்கிற கீதையின் 18ஆம் அத்தியாயம் 66ஆம் சுலோகத்தைச் சொல்லி, பாரத்தை இறைவனிடம் போடுங்கள் என்று முடித்துவிட்டார். அந்தச் சுலோகத்துக்கே, கீதைக்கு உரை எழுதிய சங்கரர் எல்லாக் கர்மங்களையும் துறப்பது என்று பொருள் சொல்கிறார். இன்னொரு உரையாசிரியரான ராமானுஜரோ கடமையைச் செய்துகொண்டே பலனையும் 'நான் செய்கிறேன்' என்ற எண்ணத்தையும் விடுவது என்கிறார். இரண்டில் எதை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து அந்தப் பெண்ணுக்கு வேறு வேறு பதில் வரும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவை வேறு யார் பார்த்துக்கொள்ள முடியும், எதைத் தள்ளிப்போடலாம் என்றுகூட அவர் திருப்பிக் கேட்கவில்லை.

பின்னணியில் புல்லாங்குழல் ஓயவே மாட்டேன் என்கிறது, பேச்சை அமுக்குகிறது. ஐந்துக்கு மூன்று. கர்ண பர்வப் பகுதியைத் தனியாக விற்றால் ஐந்தும் தருவேன்.