இலவசமாக ஊர் டிவி காட்டுகிறேன் என்ற மென்பொருள், என் வீட்டு இணைப்பை வாடகைக்கு விட்ட கதை

அம்மா மூன்று மாதம் தங்கிப் போக வந்திருந்தார். வந்த மறுநாளே, "சாயங்காலச் செய்தி இங்கே வராதா?" என்று கேட்டார். சேனலின் சொந்தத் தளத்துக்குப் போனால், "உங்கள் பகுதியில் இதைப் பார்க்க முடியாது" என்று கறுப்புத் திரை. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். நம் ஐபி முகவரியைப் பார்த்தே வெளிநாடு என்று தெரிந்துகொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்த மென்பொருளின் லிங்க் வந்தது. இலவசமாம். எல்லாச் சேனலும் வருமாம். ஊரில் உட்கார்ந்து பார்ப்பது போல முகவரியையும் மாற்றித் தருமாம். நிறுவும்போது ஆன்டிவைரஸ் கத்தியது. "அது அப்படித்தான் கத்தும், அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்றார் குழுவில் ஒருவர். அணைத்தேன். அந்த ஒரு காரியத்துக்கு என்னைத் தவிர யாரையும் திட்ட முடியாது.

சும்மா சொல்லக்கூடாது, முதல் பத்து நாள் படம் கண்ணாடி மாதிரி வந்தது. அப்புறம் செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்க, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பிரீமியம் வாங்கினால் நிற்காது என்றது ஒரு அறிவிப்பு. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினேன். கட்டிய இருபதாம் நாள் சேனல் பட்டியலே காலி. உதவிக்கென்று இருந்த டெலிகிராம் கணக்கில் கேட்டால், "சர்வர் மாற்றுகிறோம் சார், நாளைக்கு வந்துவிடும்." நான்கு நாளும் அதே நாளை. ஐந்தாம் நாள் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

பணத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். கொஞ்ச நாளாகக் கூகுளில் எதைத் தேடினாலும், "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்டுங்கள்" என்று சிக்னல் விளக்குப் படங்களைத் தொடச் சொல்லிக்கொண்டிருந்தது. வங்கித் தளம் உள்ளேயே விடவில்லை. ஒரு நாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். எல்லாரும் தூக்கம், ரவுட்டர் விளக்கு மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தால், டிவியோடு இணைத்து ஓடவிட்டிருந்த மடிக்கணினியிலிருந்து பதிவிறக்கத்துக்குச் சமமாகப் பதிவேற்றம் போயிருக்கிறது. டிவி பார்க்கிறவன் எதை ஏற்றப் போகிறான்? அந்த வாரமே இணைய நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல்: உங்கள் இணைப்பிலிருந்து பிறருடைய கணக்குகளுக்குள் நுழைய முயற்சி நடக்கிறது, உடனே கவனிக்கவும்.

எனக்கு ஊர் முகவரி தருவதாகச் சொன்ன மென்பொருள், என் முகவரியை யார் யாருக்கோ கொடுத்திருக்கிறது. அவர்கள் செய்வதெல்லாம் நான் செய்வதாகத்தான் வெளியே தெரியும். இது புதுத் தந்திரமும் இல்லை. ஹோலா என்ற இலவச விபிஎன் (நம் முகவரியை மறைத்து வேறு நாட்டு முகவரியைக் காட்டும் மென்பொருள்), தன் பயனர்களின் இணைப்பை லுமினாட்டி என்ற பெயரில் விற்றுவந்தது 2015லேயே வெளியே வந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற, பிறர் கணினிகளை அவர்களுக்குத் தெரியாமல் பிடித்து வாடகைக்கு விட்ட வலையும் இலவச விபிஎன் செயலிகள் வழியாகப் பரவியதுதான். 190க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 1.9 கோடி ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. இதையெல்லாம் நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

மென்பொருளை நீக்கினேன். மறுநாள் ராத்திரி விளக்கு மறுபடியும் துடித்தது. பின்னணியில் ஓடும் ஒரு சேவையை அது தனியாக விட்டுவிட்டுப் போயிருந்தது. கடைசியில் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டு, கடவுச்சொற்களை எல்லாம் கைபேசியிலிருந்து மாற்றினேன். உங்கள் கணினியிலும் இப்படி ஏதாவது இருந்தால், நீக்கியதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். இரண்டு நாள் பதிவேற்றக் கணக்கைப் பாருங்கள்.

அம்மா கேட்ட செய்தியை அந்தச் சேனலே யூடியூபில் நேரலையாகப் போடுகிறது. அங்கே தடை கிடையாது. முதல் நாளே தேடியிருக்கலாம். குழுவில் நேற்று ஒருவர் "இலவச ஊர் டிவி" என்று ஒரு லிங்க் போட்டிருந்தார். பெயர் வேறு, ஆரஞ்சு நிற ஐகான் அதேதான்.