சென்னையின் வீடற்றோர் காப்பகங்கள்: யாருக்குப் பயன்படுகின்றன?

அண்ணா சாலையை ஒட்டியும் மேம்பாலங்களின் அடியிலும் படுத்துறங்குவோரை முன்பு கண்ட அளவுக்கு இன்று காண முடிவதில்லை. மாநகராட்சியின் காப்பகங்கள் செம்மையாக இயங்குவதால்தான் இந்த மாற்றம் என்று நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். பாலங்களின் அடிப்பகுதிகளுக்குக் கம்பிவேலி போட்டு, செடி நட்டு, சுவரில் ஓவியம் தீட்டியதற்கும், கூவம் கரையில் வாழ்ந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குக் குடியமர்த்தியதற்கும் இதில் உள்ள பங்கை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே, நடைபாதை காலியாக இருக்கிறதா என்று பார்த்து இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடக் கூடாது. உள்ளே யார் போகிறார்கள், யார் போக மறுக்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் காப்பகங்கள் அரசின் கருணையால் மட்டும் வந்தவையல்ல. டெல்லியில் குளிர்காலத்தின் நடுவே ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் பிறப்பித்த ஆணைகளே இதற்கு வழி வகுத்தன. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது அப்போது வகுக்கப்பட்ட அளவு. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்கு நிதி ஒதுக்கியதோடு, தலைக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்றும் வரையறுத்தது. 2011இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்த சென்னையின் மக்கள்தொகை, அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே ஏறத்தாழ 67 லட்சம். கணக்குப்படி அறுபதுக்கு மேல் இருக்க வேண்டிய காப்பகங்கள், பல ஆண்டுகளாக ஐம்பதை ஒட்டியே நிற்கின்றன.

இருப்பவற்றின் தரத்தைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட சிலருக்கு இவை உண்மையிலேயே நல்ல சேவை. மாநகராட்சி இடம் தருகிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. தங்குவோரிடம் கட்டணம் பெறுவதில்லை. பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர், ஊரை விட்டு வந்து திசை தெரியாமல் நிற்கும் பெண், மனநலம் குன்றித் தெருவில் அலைபவர் ஆகியோருக்குப் படுக்கையும் உணவும் கிடைப்பதோடு, பலருக்கு அதைவிடப் பெரிய ஒன்றும் கிடைக்கிறது. அது முகவரி. ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் என எதைக் கேட்டு விண்ணப்பித்தாலும் முதல் கேள்வி முகவரியைப் பற்றியதாகவே இருக்கும் ஓர் அமைப்பில், இந்த உதவியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

இத்திட்டத்தில் என்னை அதிகம் கவர்ந்தவை அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளின் உடனிருப்போருக்காகக் கட்டப்பட்டவை. வெளி மாவட்டத்திலிருந்து நோயாளியோடு வந்து, வார்டுக்குள் தங்க அனுமதியின்றி மரத்தடியில் செய்தித்தாளை விரித்துப் படுத்தவர்களுக்கு இப்போது கூரையும் கழிவறையும் இருக்கின்றன. தேவையான ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் ஊரில் வீடுள்ள அவர்களுக்கான இடங்களும் வீடற்றோர் காப்பகக் கணக்கிலேயே சேர்க்கப்படுகின்றன என்பதை, எண்ணிக்கையைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இச்சேவை தோற்கும் இடம் வட சென்னை. வால்டாக்ஸ் சாலை, யானைக்கவுனி, பாரிமுனை ஆகிய பகுதிகளில் மூன்று தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே பிறந்து, மணம் முடித்து, பிள்ளை பெற்று வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. காப்பகங்களோ பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று எனப் பிரிக்கப்பட்டவை. கணவன், மனைவி, பதினைந்து வயது மகன் மூவரும் மூன்று கட்டடங்களுக்குப் போக வேண்டும் என்றால் எந்தக் குடும்பம் இசையும்? பாத்திர மூட்டையையும், பிழைப்புக்கான மீன்பாடி வண்டியையும் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) எங்கே நிறுத்துவது? மூட்டை தூக்குவோருக்கும் பூக் கட்டுவோருக்கும் வேலை விடியலுக்கு முன்பே தொடங்குவதால், உறங்கும் இடமும் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். 1996இல் பாரிமுனையை ஒட்டிய கொத்தவால்சாவடியின் காய்கறி வணிகம் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தபோது, அதை நம்பியிருந்தவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நகரின் தென்கோடியில் அரசு கட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டவர்களில் சிலர் பழைய வேலையைத் தேடி மீண்டும் நகரத்துக்குள் வந்து படுப்பதும் இதே காரணத்தால்தான். அரசின் ஏட்டில் அவர்களுக்கு வீடு இருக்கிறது.

அச்சமும் ஒரு தடை. தெருவில் வாழ்வோர் காப்பகத்தை ‘ஹோம்’ என்று சொல்லும்போது, அந்தச் சொல்லில் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிடுவார்கள் என்ற பொருளும் கலந்திருக்கிறது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிச்சையெடுப்போருக்கான மேல்பாக்கம் அரசு முகாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் கதைகள் நடைபாதைகளில் இன்னும் புழங்குகின்றன. இரவு வேனில் வந்து இறங்குபவர் காப்பக ஊழியரா காவலரா என்று படுத்திருப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

2011 கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணியது பிப்ரவரி 28ஆம் தேதி இரவில். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. சாலையோரம், மேம்பாலத்தடி, ரயில்வே பிளாட்பாரம், பெரிய சிமென்ட் குழாய் எனத் திறந்தவெளியில் படுப்போரையே அந்த வரையறை வீடற்றவர் என்கிறது. வேலி போட்டு விரட்டப்பட்டவர் ஒரு கடையின் பின்புறக் கிடங்கிலோ, கட்டுமானத் தளத்தின் கீழ்த்தளத்திலோ ஒண்டிக்கொண்டால், அடுத்த கணக்கில் அவர் காணாமல் போகக்கூடும்.

சாலையில் தனியாக, உடல்நலமின்றி, ஆதரவற்றுக் கிடக்கும் ஒருவரைக் கண்டால் தயங்காமல் மாநகராட்சியின் 1913 எண்ணை அழைக்கலாம். அவரிடம் பேசி, வர விருப்பமா என்று கேட்டுவிட்டு அழைத்தால் வேலை எளிதாகும். அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்து அதே எண்ணை அழைப்பதால் அவர்களுக்குப் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது, தொழில் செய்யும் தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில், கதவைப் பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் அறை. ஐம்பது காப்பகங்களில் ஐந்தையாவது அப்படிக் குடும்ப அறைகளாகப் பிரித்து, வட சென்னையிலேயே வைத்துப் பார்க்கலாம்.