ஜெர்மனி முழுவதற்கும் ஒரே சீட்டு: குன்னூரிலிருந்து ஒரு மதிப்பீடு

ஜெர்மனியில் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற பெயரில் விற்கப்படும் மாதச் சந்தாப் பயணச்சீட்டை வைத்திருப்பவர், அந்நாட்டின் எந்த ஊரிலும் நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, புறநகர் ரயில், வட்டார ரயில் ஆகிய அனைத்திலும் இரண்டாம் வகுப்பில் விருப்பம்போல் பயணம் செய்யலாம். 2022 ஆம் ஆண்டுக் கோடையில் மூன்று மாதங்களுக்கு மட்டும் 9 யூரோவுக்கு விற்கப்பட்ட சீட்டுக்கு மக்களிடம் கிடைத்த வரவேற்பின் தொடர்ச்சியாக, 2023 மே 1 முதல் மாதம் 49 யூரோ என்ற விலையில் இது நடைமுறைக்கு வந்தது. விலை 2025 ஜனவரியில் 58 யூரோவாகவும், 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்துவிட்டது; நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாயைத் தாண்டும் தொகை. ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகளுடன் தங்கியிருந்த காலத்தில் நானும் என் மனைவியும் இச்சீட்டை நம்பியே வெளியே சென்று வந்தோம். பிள்ளைகளைப் பார்க்க ஜெர்மனி செல்லவிருக்கும் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பெற்றோர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டியில் ஏறும்போது சீட்டைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை என்பதுதான் விலையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. குன்னூரிலிருந்து கோடநாடு செல்பவர் கோத்தகிரியில் பேருந்து மாறினால் அங்கே புதிதாகச் சீட்டு வாங்குகிறார். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு இணைப்பாகவே மலை ரயில் புறப்படுகிறது என்றாலும், குன்னூரில் இறங்கியபின் வீட்டுக்குச் செல்லும் பேருந்துக்கும் அந்த ரயிலுக்கும் எந்தக் கணக்கு வழக்கும் கிடையாது. ஜெர்மானியர்கள் இந்தச் சிக்கலை வெகுகாலத்துக்கு முன்பே கையில் எடுத்தார்கள்: 1965 இல் ஹாம்பர்க் நகரில் வெவ்வேறு நிறுவனங்களின் ரயில், பேருந்து, டிராம் ஆகியவற்றை ஒரே கட்டண முறைக்குள்ளும் ஒன்றோடொன்று பொருந்தும் கால அட்டவணைக்குள்ளும் கொண்டுவரும் கூட்டமைப்பு ஒன்று உருவானது; பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இன்றைய சந்தாச் சீட்டு அந்த ஏற்பாட்டை நாடளவுக்கு விரித்திருக்கிறது. மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024 இல் நம் மலைப்பகுதிக்கும் வந்த பிறகு அதில் பழகிவிட்ட என் மனைவி, "நம் ஊரில் எனக்கு இருக்கும் சௌகரியம் இங்கே உங்களுக்கும் சேர்த்துக் கிடைத்திருக்கிறது, காசுதான் கொடுக்க வேண்டியிருக்கிறது" என்று ஒரே வரியில் மதிப்பீட்டை முடித்துவிட்டார்.

சென்னை மெட்ரோவில் இருப்பது போன்ற தடுப்புக் கதவுகள் அங்கே நிலையங்களில் இல்லை. பேருந்தில் நடத்துநரும் இல்லை. தனிப் பயணத்துக்குத் தாள் சீட்டு வாங்குபவர் பல ஊர்களில் அதைச் சிறு பெட்டி ஒன்றில் செருகி முத்திரையிட வேண்டும். சந்தாதாரருக்கு அதுவும் தேவையில்லை. ஆனால் சாதாரண உடையில் வரும் பரிசோதகர் எந்த நேரத்திலும் சீட்டைக் கேட்கலாம், இல்லையென்றால் 60 யூரோ அபராதம். சந்தா பெயரோடு பிணைந்தது என்பதால் மகளின் சீட்டைத் தாய் கொண்டுபோக முடியாது. புகைப்பட அடையாளமாகக் கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஸ்டுட்கார்ட் நகரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மலையில் வாழ்பவருக்கு அந்நகரின் போக்குவரத்து தரும் வியப்பு சமவெளிக்காரருக்குக் கிடைக்காது. நகரின் நடுப்பகுதி குழியில் கிடக்கிறது. குடியிருப்புகள் சுற்றிலும் உள்ள சரிவுகளில் ஏறிச் செல்கின்றன. மரியன்பிளாட்ஸ் என்ற இடத்திலிருந்து மேலே டேகர்லோக் வரை, 1884 முதல் பற்சக்கர ரயில் ஒன்று, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்பட்டையில் பற்சக்கரம் பதிந்து ஏறும் ரயில், ஓடுகிறது. நம் மலை ரயில் குன்னூரை எட்டிய 1899 க்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தையது. பாதை 2.2 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஏறத்தாழ 205 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் நூறு மீட்டருக்கு 17.8 மீட்டர் ஏற்றம். கல்லாறு முதல் குன்னூர் வரையிலான நம் பாதையில் ஏற்றம் நூறு மீட்டருக்கு எட்டேகால் மீட்டர் அளவே என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். நம்முடையது ஆப்ட் முறை, அதாவது பற்கள் மாறி மாறி அமைந்த இரண்டு பட்டைகள். அங்கே இருப்பது ரிக்கன்பாக் முறை, ஏணியைத் தரையில் படுக்க வைத்ததுபோல் இருக்கும். இரண்டிலும் தண்டவாளங்களுக்கு இடைவெளி ஒரு மீட்டரே. நம் ரயிலில் எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறதல்லவா, அங்கே ரயிலே தனக்கு முன்னால் மிதிவண்டிகள் ஏற்றிய திறந்த வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது. நம் ரயில் இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்குரியதாகி, முன்பதிவு இன்றி இடம் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், அங்கே பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு வரும் முதியவர்களும் அன்றாடம் ஏறி இறங்கும் பத்தாம் எண் வண்டி அது என்பதைப் பார்த்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

அதைவிட வியப்பு, பற்சக்கரமே இல்லாத டிராம்கள். சாலையில் ஓடி நகர மையத்தில் சுரங்கத்துக்குள் நுழையும் அந்நகரின் மஞ்சள் நிற வண்டிகள், பதினைந்தாம் எண் தடத்தில் நூற்றுக்கு எட்டரை என்ற ஏற்றத்தை வெறும் தண்டவாளப் பிடிப்பிலேயே ஏறுகின்றன. அச்சுகள் அனைத்துக்கும் மின்மோட்டார் விசை கிடைப்பதே காரணம். நீராவிக் காலத்தில் பற்பட்டை இன்றி முடியாதென்று கருதப்பட்ட ஏற்றத்தை மின்சாரம் இவ்வளவு எளிதாக்கிவிட்டது. இவை போக, காட்டு ஓரத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் கயிற்று ரயில் ஒன்றும் உண்டு. 1929 இல் தொடங்கப்பட்ட அதன் பெட்டிகள் தேக்கு மரத்தால் ஆனவை. இவை எல்லாவற்றுக்கும் அதே சீட்டுதான்.

மற்ற நகரங்களில், வுப்பர்டாலில் பெரும்பாலும் ஆற்றின் மேலே, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி 13.3 கிலோமீட்டர் செல்லும் 1901 ஆம் ஆண்டுத் தொங்கு ரயிலிலும், ஹாம்பர்க் துறைமுகப் படகுகளிலும் இச்சீட்டு செல்லும் என்பதைத் தவறவிட வேண்டாம். பெர்லினில் டிராம் பெரும்பாலும் கிழக்குப் பகுதியில்தான் ஓடும். மேற்கு பெர்லின் தன் டிராம்களை 1967 இல் நிறுத்திவிட்டது.

குறைகளும் உண்டு. அதிவிரைவு ரயில்களிலும் தனியார் தொலைதூரப் பேருந்துகளிலும் இச்சீட்டு செல்லாது. வட்டார ரயிலில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக் செல்ல மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும், வழக்கமாக உல்ம் நகரில் வண்டி மாறவும் வேண்டும். எங்கள் பயணம் ஒன்றில் வட்டார ரயில் முன்னறிவிப்பின்றி ரத்தாகி, அடுத்த வண்டியில் நின்றுகொண்டே வர நேர்ந்தது. ஒழுங்குக்குப் பெயர்போன நாடு என்ற எண்ணத்தோடு இறுக்கமான திட்டம் போடுபவர் ஏமாறுவார். டிராமிலும் மெட்ரோவிலும் கழிவறை இல்லை, பெரிய நிலையங்களில் காசு கொடுத்தே உள்ளே போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சட்டைப் பையில் சில்லறை வைத்திருப்பது நல்லது. கிராமப்புறங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து மிகக் குறைவு. வண்டி நின்றாலும் கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்கக் கூடாது, பொத்தானை அழுத்த வேண்டும்.

வாங்கும் முறைதான் பார்வையாளருக்குப் பெரிய தடை. இது சந்தா ஆதலால் மாதந்தோறும் தானாகவே பணம் எடுக்கப்படும். நிறுத்த விரும்புபவர் பெரும்பாலான விற்பனையாளர்களிடம் அந்த மாதம் 10 ஆம் தேதிக்குள் தெரிவித்துவிட வேண்டும். பலர் ஐரோப்பிய வங்கிக் கணக்கையும் கேட்கிறார்கள். எனவே பிள்ளைகளின் கணக்கு வழியாக, பெற்றோர் பெயரில் வாங்குவதே எளிது. மாத நடுவில் போய் இறங்குபவருக்கும், ஒரே நகரில் சில நாட்கள் மட்டும் இருப்பவருக்கும் அந்தந்த நகரின் நாள் சீட்டே போதும். பல ஊர்களில் ஐந்து பேர் வரை சேர்ந்து செல்லும் குழு நாள் சீட்டும் கிடைக்கிறது. மாதத் தொடக்கத்தில் சென்று முழு மாதமும் தங்குபவர்கள் தயங்காமல் சந்தாவை எடுக்கலாம். கைபேசியில் வைத்துக்கொள்ளத் தயங்கும் பெரியவர்கள், அட்டையாகத் தரும் விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து, அது தபாலில் வந்து சேரும்படி பயணத்துக்கு முந்தைய மாதமே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.