ஏற்காடு ரோடு மேல் பழி போட்டு "ரியர் கேம்பர்" பில்: சேலம் கார்க்காரர்கள் கவனிக்க

ஏற்காட்டிலிருந்து தினமும் சேலத்துக்கு இறங்கி ஏறும் ஒரு ஹேட்ச்பேக். இடது பின் டயரின் உள்விளிம்பு கம்பி தெரிகிற அளவுக்குப் போய்விட்டது. அதே டயரின் வெளிவிளிம்பில் இன்னும் 5 மி.மீ. பட்டன் (டயரின் மேல் ரப்பர் கட்டை) பாக்கி. சேலத்தில் ஒரு டயர் கடையில் இரண்டு புது டயர், பேலன்சிங், ஃபோர் வீல் அலைன்மென்ட், அதற்கு மேல் "ரியர் கேம்பர் கரெக்‌ஷன்" (பின் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தைச் சரி செய்வது) என்று தனி வரி போட்டு பில் கொடுத்தார்கள். காரணம் கேட்டால், "மலை ரோட்டுல ஓட்டுனா இப்படித்தாங்க சாப்பிடும்" என்று பதில். 6,000 கிலோமீட்டருக்குள் புது டயரும் அதே இடத்தில் தேய ஆரம்பித்துவிட்டது.

முதலில் அந்த மலை ரோடு கதை. ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் டயரைத் தேய்க்கத்தான் செய்யும். ஆனால் திரும்பும்போது அதிகம் அடி வாங்குவது முன் டயர்கள், அதுவும் வெளித் தோள்பட்டை. வளைவுகள் இடமும் வலமுமாக மாறி மாறி வருவதால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேயும். ஒரே ஒரு பின் டயர், அதன் உள்விளிம்பு மட்டும் போகிறது என்றால் அந்தச் சக்கரம் சாய்ந்து நிற்கிறது.

சாய்வதற்கு வேண்டுமானால் மலை காரணமாகலாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது, பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தைவிட அரை மீட்டருக்கு மேல் உள்ளே வெட்டிப் போகும். எதிரே பஸ்ஸுக்கு வழி விட ஒதுங்கினால் உள்பக்கப் பின் சக்கரம் கல் விளிம்பில் மோதும், இல்லையென்றால் சாக்கடை ஓரத்தில் இறங்கி ஏறும். ஒரு பலமான அடி போதும், ஸ்டப் ஆக்ஸில் (பின் சக்கரம் மாட்டியிருக்கும் குட்டை அச்சு) வளைய.

இப்போது அந்தக் கடை கொடுத்த ப்ரிண்ட் அவுட்டைப் பாருங்கள். "பிஃபோர்" பத்தியில் இடது பின் கேம்பர் மைனஸ் 2.6 டிகிரி, வலது மைனஸ் 1.1 (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது). டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் திரும்பியிருக்கும் கோணம், இடது மைனஸ் 0.50 (வெளிநோக்கி), வலது ப்ளஸ் 0.10 (உள்நோக்கி). "ஆஃப்டர்" பத்தியிலும் பின் சக்கர எண்கள் அச்சு அசல் அதுவே. மாறியது முன் டோ மட்டும். அதாவது டை ராடை (ஸ்டீயரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகி ஸ்டீயரிங்கை நேராக்கிவிட்டு, செய்யாத வேலைக்குத் தனி வரி போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? இடது டோவிலிருந்து வலது டோவைக் கழித்து இரண்டால் வகுத்தால் த்ரஸ்ட் ஆங்கிள் (பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் திசையின் கோணல்): மைனஸ் 0.30 டிகிரி. கார் நேராகப் போவதுபோல் தெரிந்தாலும் உடம்பு சற்றுக் கோணலாகவே ஓடும். இரண்டு டோவையும் கூட்டினால் மைனஸ் 0.40. இதை இரண்டு பின் டயரும் பங்கு போட்டுக்கொள்வதால், ஒவ்வொன்றும் 0.20 டிகிரி வெளிநோக்கித் திரும்பிய நிலையில் உருளும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் ரப்பர் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். அந்த இழுவை வலது டயரில் பரவலாக விழுகிறது. இடதில் கேம்பர் அதிகம், பாரம் முழுக்க உள்விளிம்பில், அதனால் அங்கேதான் கம்பி தெரிகிறது.

முக்கியமான விஷயம்: இங்கே ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் டார்ஷன் பீம் ஆக்ஸில் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும், முறுங்கக்கூடிய இரும்புப் பீம்). அதில் டோவோ கேம்பரோ திருகி மாற்ற போல்ட்டே கிடையாது. இன்னோவா கிரிஸ்டா போன்ற ரிஜிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரமும் ஒரே கெட்டி அச்சில்) வண்டியிலும் அப்படித்தான். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனிக் கைகள் தாங்கும் மல்டி லிங்க் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில்தான் பெரும்பாலும் கேம் போல்ட் (திருகினால் கோணம் மாறும் போல்ட்) இருக்கும். ஆகவே டார்ஷன் பீம் வண்டிக்கு அரை மணி நேரத்தில் "ரியர் கேம்பர் செட் பண்ணிட்டோம்" என்றால், எந்த பார்ட்டைக் கழற்றினீர்கள் என்று கேளுங்கள்.

சரியான வேலை இப்படி நடக்க வேண்டும். காற்று அளவு சரி பார்த்த பிறகு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங். பிறகு ஆக்ஸில் புஷ் (ஆக்ஸிலைப் பாடியோடு இணைக்கும் ரப்பர்) கிழிந்திருக்கிறதா, ஸ்பிரிங் ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்தான் சென்சார் மாட்டி, வண்டியை உருட்டி ரன் அவுட் காம்பன்சேஷன் (ரிம் கோணலும் சென்சார் மாட்டிய கோணலும் அளவில் சேராமல் கழிப்பது) செய்வது. நிறையக் கடைகள் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். சந்தேகம் வந்தால் சக்கரத்தை அரைச் சுற்று நகர்த்தி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் ஒரே மாதிரி வராவிட்டால் அந்த ரீடிங்கை நம்பவே கூடாது. திரையில் உங்கள் வண்டி மாடல்தான் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு மாடலைப் போட்டால் சிவப்பில் இருக்கும் எண்கூடப் பச்சையாகிவிடும்.

மேலே சொன்ன காரில் ஸ்டப் ஆக்ஸில் நான்கு போல்ட்டில் கழலும் வகை. வேறொரு பட்டறையில் வளைந்ததைக் கழற்றிப் புதிது போட்டதும் இடது கேம்பர் மைனஸ் 1.2, டோ ப்ளஸ் 0.12 என்று வந்துவிட்டது. சில வண்டிகளில் ஸ்டப் பீமோடு வெல்டிங் செய்தே வரும். அதில் வளைந்தால் பீமையே மாற்ற வேண்டும். கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சூடு பட்ட இரும்பு பலம் இழக்கும், அதை நம்பி மலை இறங்க முடியாது.

எல்லாம் மாற்றிய பிறகும் 0.2, 0.3 டிகிரி பாக்கி நின்றால், ஸ்டப் போல்ட்டில் வரும் வண்டிகளுக்கு ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) வைக்கலாம். போல்ட் இடைவெளி 100 மி.மீ. என்றால் ஒரு பக்கம் அரை மி.மீ. கனம் கூடினாலே 0.29 டிகிரி மாறும். ஃபிளாஞ்ச் (ஸ்டப் பீமோடு ஒட்டும் தட்டையான முகம்) முழுதும் படிகிற சாய்வு ஷிம்மாக இருக்க வேண்டும். இரண்டு போல்ட்டுக்கு அடியில் வாஷர் சொருகுவது வேலையே இல்லை, ஃபிளாஞ்ச் முழுதாகப் படியாமல் போல்ட் தளர்ந்துவிடும். ஷிம் வைத்த பின் போல்ட் மரை முழுதாகப் பிடிக்கிறதா, ஏபிஎஸ் சென்சார் இடைவெளி சரியா என்று பார்த்து டார்க் ரென்ச்சில் (இறுக்கும் அளவு காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். கடைசியாகத்தான் முன் சக்கரத்துக்கு வர வேண்டும்.

மாதம் ஒரு முறை போனை டயருக்குப் பின்னால் நீட்டி, டார்ச் போட்டு உள்விளிம்பைப் படம் எடுங்கள். வெளியே நின்று பார்த்தால் அது கண்ணில் படாது. பட்டனை உள்ளங்கையால் குறுக்கே தடவுங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது கூராகக் குத்தினால் டோ அவுட் (சக்கரம் வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது), உள்ளிருந்து வெளியே வரும்போது குத்தினால் டோ இன் (உள்நோக்கி). தேய்ந்ததை முன்பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லும் யோசனை வேண்டாம், கோளாறு மறையுமே தவிரத் தீராது.

"பிஃபோர்", "ஆஃப்டர்" இரண்டு பத்தியும் உள்ள ப்ரிண்ட் அவுட் தராத கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. பில்லும் ப்ரிண்ட் அவுட்டும் கையில் இருக்கட்டும். தேய்ந்த பழைய டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், அதன் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.