ரெஸ்யூமை வேர்டு ஃபைலாகக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், நீங்கள் கொடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு கன்சல்டன்சி (கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி) மூலம் தரமணியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். உட்கார்ந்ததும் எதிரில் இருந்தவர், "காஃப்காவில் மூணு வருஷம்னு போட்டிருக்கீங்க, கன்ஸ்யூமர் குரூப் ரீபேலன்ஸ் ஆகும்போது என்ன நடக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு வருடமாக ஜாவா, ஸ்பிரிங் பூட்டில்தான் புரோகிராமிங் வேலை, காஃப்காவை (சிஸ்டம்களுக்கு இடையே டேட்டாவைக் கடத்தும் சாஃப்ட்வேர்) ஒரே ஒரு ப்ராஜெக்டில் மூன்று மாதம் தொட்டிருக்கிறேன், ரெஸ்யூமிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவர் கையிலிருந்த பிரின்ட் அவுட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே அந்தக் கன்சல்டன்சியின் லோகோ. என் போன் நம்பரும் மெயில் ஐடியும் இருந்த இடம் காலி. மூன்று மாதம் மூன்று வருடமாகியிருந்தது, நான் தொட்டே பார்க்காத குபர்நெட்டிஸ் என்ற சாஃப்ட்வேரும் என் பெயரில் இருந்தது.

"இது நான் எழுதினது இல்ல சார்" என்றேன். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

"ஃபார்மேட் பண்ணணும் சார், வேர்டுல அனுப்புங்க" என்று அந்தக் கன்சல்டன்சியின் ரெக்ரூட்டர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. இன்டர்வியூவுக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். "ஜேடிக்கு மேட்ச் ஆகணும்ல சார், எல்லாருக்கும் பண்றதுதான்" என்றார். (ஜேடி என்றால் கம்பெனி கேட்கும் வேலை விவரம்.) அதோடு போனை எடுப்பதில்லை.

எல்லா ரெக்ரூட்டரும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். இப்போதிருக்கும் வேலை ஒரு ரெக்ரூட்டர் மூலம் கிடைத்ததுதான். பட்ஜெட் எவ்வளவு, எத்தனை ரவுண்டு, 90 நாள் நோட்டீஸுக்குக் காத்திருப்பார்களா, எல்லாம் முதல் போனிலேயே சொன்னார் அந்த அம்மா. அதற்கு முன் ஓர் இடத்தில் ரிஜெக்ட் ஆனபோதும் காரணத்தைக் கேட்டுச் சொன்னார். அப்படிப்பட்டவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் காசு தகும். பொதுவாக வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆள் சேர்ந்தால்தான் அது கைக்கு வரும், அதனால்தான் சிலர் எதையாவது எழுதி உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள். (நம்மிடம் பணம் கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள்.) வேலை பார்த்த தேதிகளில் கை வைத்தால் இன்னும் மோசம், பிஎஃப் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மாட்டுவது நாம்தான்.

பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். பிடிஎஃபையும் மாற்ற முடியும், அதனால் கம்பெனிக்கு அனுப்பிய காப்பியை எனக்கும் அனுப்புங்கள் என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில், வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

என் ஒரிஜினல் ரெஸ்யூமோடு அந்தக் கம்பெனியில் நேரடியாக விண்ணப்பித்துப் பார்த்தேன். வெண்டர் (அதே கன்சல்டன்சிதான்) வழியாக ஏற்கனவே வந்த ப்ரொஃபைல், ஆறு மாதத்துக்கு எடுக்க முடியாது என்றார்கள். கன்சல்டன்சிக்கு நான் அனுப்பிய மெயிலை இணைத்து ஹெச்ஆருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.