மருத்துவம் படிக்க நினைப்பவருக்கு ஆய்வு வழிகாட்டி: மட்டக்களப்பு, அம்பாறையில் யாரிடம் போகலாம்?

இலங்கையில் மருத்துவ பீடத்துக்குள் நுழைய எந்த ஆய்வுக் கட்டுரையும் உதவாது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் பாடங்களின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும்தான் அதை முடிவு செய்கின்றன. எனவே உயர்தரப் பரீட்சைக்கு முன்னர் "ஆய்வுச் சான்றிதழ் இருந்தால் இடம் கிடைக்கும்" என்று காசு கேட்பவர்களிடம் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் நீண்ட இடைவெளிதான் ஆய்வு பழகுவதற்கு நல்ல காலம். அமெரிக்கா போக நினைப்பவருக்குக் கூடுதல் பயன் உண்டு. அங்கே வழக்கமாக ஒரு பட்டத்தை முடித்த பின்னர்தான் மருத்துவக் கல்லூரியில் சேரலாம். ஆய்வு அனுபவத்தையும் கவனிப்பார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்லூரிகள் அங்கே குறைவு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஆய்வுக்கு வழிகாட்ட மூன்று பேரை நாடலாம்: வைத்திய நிபுணர், பல்கலைக்கழக விரிவுரையாளர், இணையவழி வழிகாட்டி. பெற்றோர் முதலில் தேடுவது வைத்திய நிபுணரைத்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனையிலும் நல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள், ஆனால் கிளினிக், வார்ட், சத்திரசிகிச்சை என்று அவர்களுக்கு நேரமே இருப்பதில்லை. நோயாளர் தரவைத் தொட வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் அங்கீகாரமும் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும். தரவைச் சேகரித்துவிட்டுப் பின்னர் அங்கீகாரம் கேட்டால் கிடைக்காது. பாடசாலை முடித்த பிள்ளைக்கு இங்கே பெரும்பாலும் கிடைக்கும் வேலை, யாரோ தொடங்கிய ஆய்வின் எண்களை எக்செல்லில் தட்டச்சு செய்வதுதான். மருத்துவ பீடத்துக்குள் போன பிறகு இந்த வழி மிகவும் பயன்படும். அதுவரை பொறுத்திருக்கலாம்.

எங்கள் முதல் தெரிவு பல்கலைக்கழக விரிவுரையாளர். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது. அம்பாறைப் பக்கத்தவருக்குச் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் கிட்ட. பேராசிரியரை விட, தன் பட்டமேற்படிப்பு ஆய்வைச் செய்துகொண்டிருக்கும் இளம் விரிவுரையாளர் நல்லவர். அவருக்கே தரவு தேவைப்படுவதால் உங்கள் தரவுத் தாளை வரிவரியாகப் பார்ப்பார்.

அவரோடு செய்யக்கூடிய ஆய்வுக்கு உதாரணமாக, டெங்கு நுளம்புக் குடம்பிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கிழக்கில் இதற்குப் பஞ்சமில்லை. 50 வீடுகளில் தண்ணீர் நின்ற 120 கொள்கலன்களைப் பார்த்து, 6 வீடுகளில் 9 கொள்கலன்களில் குடம்பி கண்டால், வீட்டுச் சுட்டி (குடம்பி இருந்த வீடுகளின் நூற்றுவீதம்) 12, கொள்கலன் சுட்டி (குடம்பி இருந்த கொள்கலன்களின் நூற்றுவீதம்) 7.5, புரட்டோ சுட்டி (100 வீடுகளுக்குக் குடம்பி இருந்த கொள்கலன்கள்) 18. பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை, குடம்பி இருந்த கொள்கலன்களை மட்டும் எழுதிவருவது. அப்போது 120 என்ற எண்ணே இல்லாமல் போய், கொள்கலன் சுட்டியைக் கணிக்க முடியாது. சொந்தக்காரர் வீடுகளை மட்டும் பார்ப்பது அடுத்த பிழை. இனத்தை அடையாளம் காண நுணுக்குக்காட்டி வேண்டும்: குடம்பியின் எட்டாவது வயிற்றுத் துண்டத்திலுள்ள சீப்புச் செதில்களில் பக்க முட்கள் தெளிவாக இருந்தால் ஈடிஸ் ஈஜிப்டி, ஒற்றை முள்ளாக இருந்தால் ஈடிஸ் அல்போபிக்டஸ். பக்கத்தில் நின்று "இதைத் திரும்பப் பார்" என்று சொல்ல ஒருவர் இல்லாமல் இதைப் பழக முடியாது. வீட்டுக்குள் போகும் முன்னர் வீட்டாரின் சம்மதத்தையும், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரின் ஒத்துழைப்பையும் விரிவுரையாளர் மூலம் பெறுங்கள். வீட்டாரிடம் காய்ச்சல் பற்றிக் கேள்வி கேட்கப் போனால் அது மனிதர் மீதான ஆய்வாகிவிடும். அதற்கு நெறிமுறை அங்கீகாரம் தேவை.

மூன்றாவது, டொலரில் கட்டணம் வாங்கும் இணையவழி வழிகாட்டல். சூமில் பேசும் வழிகாட்டி கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் "கட்டுரை வெளிவருவது உறுதி" என்று விளம்பரம் செய்யும் சேவையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒழுங்கான சஞ்சிகை எதுவும் மதிப்பாய்வுக்கு முன்னர் உறுதி தராது. ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டு கட்டணம் கேட்கும் சஞ்சிகையில் வந்த கட்டுரை, பின்னர் நேர்முகத்தில் உங்களுக்கே சங்கடமாக முடியும். கூகுள் படிவத்தை வட்ஸ்அப் குழுக்களில் பரப்பி 384 பேரைச் சேர்த்துவிட்டால் மாதிரி சரி என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். 95% நம்பிக்கை மட்டம், 5% வழு, 50% பரவல் என்று எடுத்தால் வரும் எண் அது. எழுமாறாகத் தெரிவு செய்த மாதிரிக்கே பொருந்தும்.

யாரிடம் போனாலும் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கிழமைக்கு எத்தனை மணி நேரம் தருவீர்கள் சேர்? என் தரவுத் தாளை யார் சரிபார்ப்பார்கள்? ஆசிரியர் பட்டியலில் பெயர் வர நான் என்ன செய்திருக்க வேண்டும்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தரவு சேகரித்ததற்கு மட்டும் பெயர் வராது. எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும், இறுதிப் பிரதியை நீங்கள் அங்கீகரிக்க வேண்டும், அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். நல்ல வழிகாட்டி இதைத் தானே எடுத்துச் சொல்வார்.

மின்னஞ்சலை ஐந்தாறு வரியில் முடியுங்கள்: நீங்கள் யார், எந்தப் பாடசாலை, அவருடைய எந்த ஆய்வை வாசித்தீர்கள், எந்த மாதம் வரை வர முடியும். பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒரே துறைக்குள் உடனே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு கிழமைக்குப் பின் ஒரு தடவை நினைவூட்டுங்கள். பீடத்தில் பரீட்சை நடக்கும் மாதமென்றால் இன்னும் சற்றுத் தாமதித்து அனுப்புங்கள்.